புது லைசென்ஸ், முதல் ஓராண்டு: சாவியைக் கொடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

பதினெட்டு முடிந்த பிள்ளை எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழித்து மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டி, கார் என்றால் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டிவிட்டால் லைசென்ஸ் வந்துவிடும். அட்டை கைக்கு வந்த அன்றைக்கே, ராத்திரி இரண்டு மணிக்கு, கொட்டும் மழையில், நாலு நண்பர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பினாலும் சட்டம் தடுக்காது. நியூசிலாந்தில் 1987 முதல் இது நடக்காது. அங்கே இடைநிலை லைசென்ஸ்காரர் இரவு 10 முதல் காலை 5 வரை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு ‘பி’ பலகை மாட்டிய புதியவருக்கு 90 கி.மீ. தான் உச்ச வேகம். நம் சட்டத்தில் அப்படி ஒரு நடுப்படி இல்லை. முதல் ஓராண்டுக்கு அதை வீட்டில்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

“பார்த்துப் போப்பா” என்பது விதி ஆகாது. எந்த வண்டி, எந்த ரோடு, எத்தனை மணி வரை, யார் கூட, மீறினால் என்ன என்று அளந்து சொன்னால்தான் அது விதி.

முதலில் அட்டையைப் படியுங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. அதில் எந்த வகை வண்டி என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றிருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கணக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பதும் அதைத்தான். கியர் பைக்குக்கு எம்.சி.டபிள்யூ.ஜி., காருக்கு எல்.எம்.வி. இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு லைசென்ஸ் வந்த கையோடு பதினாறு வயதுத் தம்பியும் “தெருமுனை வரைக்கும்” என்று வண்டி எடுப்பான். இதை முளையிலேயே கிள்ளுங்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி ஆவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

எந்த வண்டி, யார் பேரில், என்ன இன்சூரன்ஸ்

முதல் ஓராண்டுக்கு 100 முதல் 125 சிசி வரை உள்ள வண்டி போதும். கல்லூரி சேர்ந்த பரிசாக 200 சிசிக்கு மேல் வாங்கிக் கொடுப்பது நல்ல யோசனை இல்லை. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடத் திருப்பினாலும் பாயும் வண்டியில், புதியவர் தன் தவறை உணர்வதற்குள் வேகம் ஏறியிருக்கும். பழைய வண்டியைக் கொடுக்கலாம், ஆனால் டயரையும் பிரேக்கையும் புதிதாக்கிக் கொடுங்கள். “கத்துக்கிற வண்டிதானே” என்று வழுக்கை டயரோடு கொடுக்கும் வழக்கம் தலைகீழானது. பிடிப்பு அதிகம் தேவைப்படுவது கற்றுக்கொள்பவருக்குத்தான்.

இன்சூரன்ஸில் பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை இருக்கிறது. பாலிசியோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும். அப்பா பேரில் உள்ள பைக்கை மகன் ஓட்டிப் போய் மரத்தில் மோதினால் அந்தப் பணம் மகனுக்கு வராது. எதிராளிக்கு நேர்ந்த சேதத்தைத்தான் தேர்டு பார்ட்டி காப்பீடு பார்த்துக்கொள்ளும். அதனால் பிள்ளை பேரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுங்கள். பிரீமியம் பெரிய தொகை ஆகாது. இது மற்ற விதிகளுக்கெல்லாம் முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை.

ஆர்.சி.யில் உள்ள மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிற எண்தானா என்றும் பாருங்கள். இ-சலான் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய எண் கிடந்தால் ஆறு மாத அபராதம் சேர்ந்து நிற்பது கடைசியில்தான் தெரியவரும். பரிவாகன் இணையதளத்திலேயே எண்ணை மாற்றலாம்.

படிப்படியாகத் திறந்துவிடுவது

மாதக் கணக்கை ஒரு தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு ஏற்றுவது நாள் ஆனதால் அல்ல, இந்தப் படி கைவந்ததால்.

*முதல் மாதம்.* பகல் மட்டும், பழகிய ரோடு, வீட்டிலிருந்து பத்து கி.மீ.க்குள். கார் என்றால் பக்கத்து சீட்டில் நீங்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் ஆசிரியர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருந்தன; எத்தனை முறை அவர் சத்தமில்லாமல் மிதித்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. வீட்டுக் காரில் அந்தத் துணை கிடையாது. உங்கள் கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதையும் வேகத்தில் சட்டென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஊர்ந்து போகும்போது மட்டுமே அது உதவும்.

ஆகவே கையைவிட வாயைத்தான் நம்ப வேண்டியிருக்கும். “ஐயோ, லாரி!” என்று கத்தினால் பிள்ளை லாரியைப் பார்க்காமல் உங்களைத்தான் பார்க்கும். என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டி, சின்னதாகச் சொல்லுங்கள்: “முன்னாடி ஸ்கூல், ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு.” “பஸ் ஸ்டாப்ல பஸ் நிக்குது, முன்னாடி இருந்து யாராவது ஓடி வரலாம்.” திட்டுவதை வண்டி நின்ற பிறகு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல பயிற்சி, பிள்ளையையே வாய்விட்டுச் சொல்லச் சொல்வது: “இடது பக்கம் ஆட்டோ, ஆள் ஏறப் போறாங்க, நிறுத்துவான்.” எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து ஏறிக்கொண்டு ஆளுக்கொன்று சொல்லாதீர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு ஆசிரியர்.

பைக் என்றால் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது சரிவராது. உங்கள் எடையே வண்டியின் சமநிலையை மாற்றிவிடும். வேறொரு வண்டியில் இருபது முப்பது மீட்டர் பின்னால் போங்கள். பிரேக் விளக்கைக் கவனியுங்கள். கடைசி நொடியில் பளிச்சென்று எரிந்தால் பிள்ளை தூரத்தைப் பார்க்காமல் முன்சக்கரத்தடியையே பார்த்து ஓட்டுகிறது. திரும்பி முடிந்தும் இண்டிகேட்டர் எரிகிறதா? காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறதா? ரோட்டுக்கு ஏறும் முன் கண்ணாடியைப் பார்க்கிறதா?

முன் பிரேக்கைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். “முன் பிரேக் பிடிச்சா தூக்கி வீசிடும்” என்ற பழைய எச்சரிக்கையால் பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள் ஏராளம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்தி நிறுத்தப் பழக்குங்கள். வளைவிலும் மணல் கிடக்கும் இடத்திலும் மட்டும் முன் பிரேக் ஆபத்து. அங்கே நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும்.

*இரண்டு, மூன்றாம் மாதம்.* பகலில் தனியாக விடலாம். கல்லூரி, டியூஷன், கடை என்று இடம் தெரிந்த பயணங்கள். இந்தக் காலத்தில் காரில் பழக வேண்டியவை: ஏற்றத்தில் பின்னால் உருளாமல் கிளப்புவது, ரிவர்ஸ் எடுப்பது, குறுகிய தெருவில் எதிர்வண்டிக்கு ஒதுங்குவது.

*நான்கு முதல் ஆறாம் மாதம்.* இரவு. முதலில் உங்களோடு, பிறகு தனியாக ஒன்பது மணி வரை. நாட்டின் சாலை விபத்துக் கணக்கில் மாலை 6 முதல் 9 வரைதான் மிக மோசமான நேரமாக இருந்துவருகிறது. நெரிசல், களைப்பு, இருட்டத் தொடங்கும் அரைவெளிச்சம் எல்லாம் அப்போதுதான் ஒன்றுசேர்கின்றன. ஆகையால் “ஒன்பதுக்குள் வந்துவிடு” என்பதோடு விடாமல், ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதையே முதல் மூன்று மாதம் தவிர்த்துவிடுங்கள்.

எதிர்வண்டி ஹைபீமில் வந்தால் அந்த விளக்கைப் பார்க்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து ரோட்டின் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்துப் போக வேண்டும். அதே இடது ஓரத்தில்தான் பின்விளக்கு எரியாத டிராக்டரும், பஞ்சராகி நிற்கும் லாரியும் இருக்கும். விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் இரவில் தப்பான வேகம். ஹெல்மெட் முன்கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் எதிர்வெளிச்சம் அதில் சிதறி ஒன்றும் தெரியாது. நிறம் பூசிய கண்ணாடி இரவில் கூடவே கூடாது.

*ஆறு மாதத்துக்குப் பிறகு.* நாலுவழிச் சாலை, மலை, வெளியூர். நாலுவழிச் சாலையில் குறைந்தது மூன்று முறையாவது கூடப் போய்விட்டுத்தான் தனியாக விட வேண்டும். சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயினுக்கு ஏறும்போது வேகம் சேர்த்து இணைவது, வலது லேனிலேயே நகராமல் போகும் லாரியை என்ன செய்வது, ராங் சைடில் வரும் பைக்கை இடது லேனில் எதிர்பார்ப்பது, மீடியன் இடைவெளியில் சட்டென்று குறுக்கே வருபவர்கள் என்று ஒவ்வொன்றும் கண்முன் நடந்தால்தான் புரியும். ராத்திரி 2 முதல் 5 வரை ஓட்டுவது ஓராண்டு முழுக்கக் கிடையாது. கண் சொக்கும் அந்த நேரத்தில் டீ, பாட்டு, ஜன்னல் காற்று எதுவும் தூக்கத்தை நிறுத்தாது.

மலை தனிப் பாடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் நண்பர்கள் கூட்டத்தை இழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டிவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்தால், சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும்.

மழை எந்தப் படியில் வந்தாலும் ஒரு படி பின்வாங்குங்கள். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், தார்மேல் படிந்த எண்ணெயும் தூசும் குழைந்து ரோடு மிக வழுக்கும். தேங்கிய நீரில் கார் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் போய் உள்பாகங்கள் வளைந்துவிடும்; அந்தச் செலவை என்ஜின் பாதுகாப்பு இணைப்பு இல்லாத சாதாரணப் பாலிசி தராது.

கூட ஏறுபவர்கள்

தனியாக நன்றாக ஓட்டும் பிள்ளை நண்பர்கள் ஏறியதும் வேறு ஆளாகிவிடும். முதல் மூன்று மாதம் வீட்டாரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது, அடுத்து ஒருவர், ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம். பைக்கில் மூன்று பேர் போனால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். “ஒரு ஸ்டாப்தான்டா” என்று கேட்கும் நண்பனிடம் மறுக்கத் தெரியாமல்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. மறுக்கும் பழியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்: “எங்கப்பா பார்த்தா சாவியைப் புடுங்கிடுவாருடா” என்று சொல்லப் பிள்ளைக்கு முழு அனுமதி கொடுங்கள். வண்டியை இரவல் கொடுப்பதும் ஏற்றுவதும் ஒன்றுதான். நண்பனுக்கு லைசென்ஸ் இல்லை என்றால் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

துப்பட்டா, புடவை முந்தானை, மழைக்கோட்டின் நாடா: பின்சக்கரத்திலோ செயினிலோ சுற்றிக்கொண்டால் கழுத்து இழுபடும். கிளம்பும் முன் முடிந்து செருகுவது ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் விதி. மகனுக்கு ஒரு நேரம், மகளுக்கு ஒரு நேரம் என்று வைக்கும் வீடுகளுக்கு ஒன்று: இருட்டும் மழையும் ஆண்பிள்ளை என்று பார்ப்பதில்லை. மகன்களுக்கு நேர விதியே இல்லாமல் விடுவது பெரிய தவறு.

வேகம், போன், மது, ஹெல்மெட்

வேகத்துக்குக் காரணத்தைக் கணக்காகச் சொன்னால் ஏறும். ஆபத்தைக் கண்டு காலோ கையோ பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால், காய்ந்த தார் ரோட்டில் நல்ல பிரேக் உள்ள கார் 40 கி.மீ. வேகத்தில் சுமார் 26 மீட்டரில் நிற்கும். 60-இல் 45 மீட்டர். 80-இல் கிட்டத்தட்ட 70. நனைந்த ரோட்டிலும் புதியவர் கையிலுள்ள பைக்கிலும் இன்னும் கூடும். முதல் ஆறு மாதம் ஊருக்குள் 40, வெளியே 60, அதன்பின் நாலுவழிச் சாலையில் 80 என்று வையுங்கள். பலகையில் அதற்குக் குறைவாகப் போட்டிருந்தால் பலகைதான் கணக்கு.

60-இல் போகும்போது இரண்டு நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மேப்பைக் கிளம்பும் முன் போட்டுக் குரலைக் கேட்கலாம். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகுவது, பேசுவது, இயர்போனில் பாட்டு எதுவும் கூடாது. இதில் பெற்றோர்தான் பெரும்பாலும் குற்றவாளி. “எங்க இருக்க?” என்று நடுவழியில் மூன்று முறை கூப்பிடுவது நீங்கள்தானே? கிளம்பும்போது ஒரு மெசேஜ், சேர்ந்ததும் ஒன்று. இடையில் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் எடுக்கத் தேவையில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

மதுவில் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. வீட்டு வரம்பு பூஜ்யம். ஆனால் இதற்கு ஒரு துணை விதி கட்டாயம் வேண்டும். பிள்ளையே குடித்திருந்தாலும், ஓட்டப்போகும் நண்பன் குடித்திருந்தாலும், எந்த நேரமானாலும் “அப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க” என்று கூப்பிடலாம், நீங்கள் போவீர்கள், அன்று இரவு ஒரு கேள்வியும் இருக்காது. பேச்சு மறுநாள் காலையில், உட்கார்ந்து. முதல் அழைப்பிலேயே நீங்கள் வெடித்தால் இரண்டாவது அழைப்பு வராது.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், தாடைப் பட்டி மாட்டியிருக்க வேண்டும். பட்டிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவு இறுக்கம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்; உள்ளே உள்ள தெர்மோகோல் நசுங்கியிருக்கும். பின்னால் உட்காருபவருக்கும் உண்டு. காரில் பின்சீட்டிலும் பெல்ட்.

பணம்

சலான் முழுவதும் பிள்ளையின் கணக்கு. சம்பாத்தியம் இல்லையென்றால் கைச்செலவுப் பணத்தில் மாதாமாதம் கழியட்டும். கீறல், நசுங்கலுக்கு வேறு விதி: உடனே சொன்னால் பாதிச் செலவு உங்களுடையது, மறைத்துப் பிறகு தெரிந்தால் முழுதும் அவருடையது. சின்ன நசுங்கலுக்கு இன்சூரன்ஸ் கேட்கும் முன் கணக்குப் போடுங்கள். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய், கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் சலுகையான நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றால், ஒரே ஒரு கிளெய்மால் அடுத்த ஆண்டு அந்த 5,000 சலுகை போய்விடும். 4,000 ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் கிளெய்ம் போடுவது நஷ்டம்.

வண்டியில் ஜி.பி.எஸ். கருவி வைக்கலாமா? வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள். ஒளித்து வைத்தது என்றைக்காவது தெரியும். அன்றோடு மெசேஜும் நிற்கும், நசுங்கலைச் சொல்வதும் நிற்கும்.

மீறினால்

தண்டனையை முன்பே எழுதிவையுங்கள். கோபத்தில் “இனி வண்டியே கிடையாது” என்று சொல்லி, மூன்றாம் நாள் காய்கறி வாங்கச் சாவியைக் கொடுத்தனுப்பினால் அத்தோடு எல்லா விதியும் செத்தது. நேரம் தவறினால் ஒரு வாரம் இரவு ஓட்டம் இல்லை. போன், ஹெல்மெட், டிரிபிள்ஸ் என்றால் இரண்டு வாரம் சாவி இல்லை, பிறகு முந்தைய படிக்கு இறக்கம். குடித்து ஓட்டினால் மூன்று மாதம். அந்த நாட்களில் பஸ்ஸில் போகட்டும், நீங்கள் கொண்டுபோய் விடாதீர்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். சாவி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும்.

ஒரு பக்கத் தாள் போதும்:

“மூணாம் மாசம் வரை ஆறு மணிக்கு மேல் வண்டி எடுக்க மாட்டேன். ஆறாம் மாசம் வரை ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பேன். தாமதம் ஆகும் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு மெசேஜ் போடுவேன். அதற்காக வேகமாக ஓட்ட மாட்டேன். நாங்கள் ஓட்டும்போது கூப்பிட மாட்டோம். எப்போது அழைத்தாலும் வருவோம்.”

இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். தாமதம் பற்றிய வரி முக்கியம். ஒன்பது மணியைப் பிடிக்க 8.50-க்குப் பறந்து வரும் பிள்ளைக்கு உங்கள் விதியே ஆபத்தாகிவிடும்.

விபத்து நேர்ந்தால்

இதைப் பேசாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். புதியவர் பயத்தில் செய்யும் முதல் காரியம் ஓடிப்போவது. ஓட்டியவர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். கூட்டம் அடிக்க வரும் நிலை என்றால் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லலாம். வீட்டுக்குப் போகக் கூடாது.

வரிசை இது: வண்டியை நிறுத்தி நாலு இண்டிகேட்டரையும் போடுவது, 108-க்கு அழைப்பது, போலீசுக்கு 112, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-உம் உண்டு. அடிபட்டவரின் ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்காமல், தண்ணீர் புகட்டாமல் இருப்பது. அதன்பின் உங்களுக்கு அழைப்பு. தமிழ்நாட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்; பணத்துக்காக யாரும் தயங்க வேண்டியதில்லை. வண்டிகளை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம், எதிர்வண்டியின் எண், அங்கே நின்ற ஒருவரின் போன் எண். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல். ஸ்பாட்டிலேயே “ஐயாயிரம் கொடுத்துட்டுப் போ” என்று யாராவது பேரம் பேசினால் பணமும் கொடுக்காமல், தாளிலும் கையெழுத்துப் போடாமல், நீங்கள் வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.